சும்மா என்று அச்சடித்த டி-ஷர்ட்

டிசம்பர் 26

கப்பல் ஏறியாகிவிட்டது. மொத்தம் இருபத்து மூன்று பேர். பெரியப்பா காணாமல் போகும்போது இருபத்திரண்டு. இரண்டு முறை தொலைந்தார், இரண்டு முறையும் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கையுமாகக் கிடைத்தார்.

எல்லாருக்கும் ஒரே மஞ்சள் டி-ஷர்ட், முதுகில் உறவுமுறை. அண்ணியின் யோசனை. பெரியப்பா, மாமா என்று வரிசையாக. 'மாமா' என்று வர வேண்டிய அக்கா புருஷன் முதுகில் 'சித்தப்பா' என்று வந்து ஒரு தகராறு வேறு. என் முதுகில் 'சும்மா'.

அண்ணன் பெண்களுக்கு நான் அத்தை, அக்கா மகளுக்குச் சித்தி. எதைப் போட்டாலும் ஒரு கோஷ்டி மூஞ்சியைத் தூக்கும். "இவங்களுக்கு என்ன போடணும்?" என்று அச்சுக்கடைக்காரர் போனில் கேட்டாராம். "அவளுக்கா? சும்மாதான்," என்றாளாம் அண்ணி. வெறுமனே விடச் சொன்னாளாம். மனிதர் அதையே அச்சடித்துவிட்டார். மற்றவர்களுக்குப் போட்டதைவிடப் பெரிய எழுத்தில்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அறைக்கு வந்து கோபப்பட்டேன்.

பைக்குள் வேலைக்கடிதம். இப்போது பார்க்கிற அதே வேலைதான், பல் செட் செய்கிற லேப், ஆனால் வேறு ஊரில். மொத்தப் பொறுப்பும் என்னுடையது. ஜனவரி ஐந்தில் சேர வேண்டும். வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. கரை இறங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். முப்பத்தெட்டு வயதில் இதற்கெல்லாம் ஒத்திகை பார்ப்பார்களா? பார்க்கிறேன்.

டிசம்பர் 27

ஜோடிகளுக்கெல்லாம் பால்கனி வைத்த அறை. எனக்கு ஜன்னல்கூட இல்லாத அறை, நாலு கட்டில், மூன்றில் பிள்ளைகள். "நீ சும்மாதான இருக்க, இதுங்களப் பாத்துக்க," என்று அண்ணி தள்ளிவிட்டுப் போனாள். அண்ணனின் சின்னவள், ஐந்து வயசு வாண்டு, லிஃப்டில் எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். பதினாலு மாடியும் பார்த்தோம்.

நடுக்கடலில் நெட் இல்லை, குடும்ப வாட்ஸப் குரூப் செத்துவிட்டது. சந்தோஷப்பட விட்டாளா அண்ணி? கதவுக்குக் கதவு அட்டவணை ஒட்டியிருக்கிறாள். என் கதவில்: எட்டு மணி — பிள்ளைகள். பன்னிரண்டு — பிள்ளைகள். நாலு — பிள்ளைகள். நடுவில் 'ஓய்வு'. அதுவும் பிள்ளைகளுக்குத்தான்.

நீச்சல் குளத்து நாற்காலிக்குப் பச்சைச் சட்டைக் குடும்பம் ஒன்றோடு போர். அவர்கள் முப்பது பேர். துண்டு போட்டு இடம் பிடிக்கப் போன அக்கா புருஷன் அங்கேயே தூங்கிப்போய், அவர்களுடைய குடும்பப் படத்தில் நடுவில் இருக்கிறார்.

டிசம்பர் 28

அலை. அம்மாவுக்கு வாந்தி. வாந்தி எடுப்பவளிடம் என்னத்தைச் சொல்ல.

டிசம்பர் 29

மதியச் சாப்பாடு. அண்ணன் கிளாஸைக் கரண்டியால் தட்டினான். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. பிள்ளைங்க இங்கயே படிக்கட்டும். பாத்துக்க இவதான் இருக்காளே."

கைதட்டினார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே, "நீ சும்மாதான இருக்க?" என்றான்.

என்னடா சும்மா? தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஊருக்கே பல் கட்டிக் கொடுக்கிறேன், அது சும்மாவா? இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அங்கே வாயில் வந்தது இவ்வளவுதான்: "அஞ்சாம் தேதி எனக்கு வேற ஊர்ல வேலை. போறேன்."

பெரியப்பாவே மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப பிள்ளைங்க?" என்றாள் அண்ணி.

"உங்க பிள்ளைங்க அண்ணி. உங்ககூட வருவாங்க."

"எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்துற," என்றான் அண்ணன்.

"நீயும் எல்லார் முன்னாடியும்தான சொன்ன?"

எழுந்து போய் ஐஸ்கிரீம் வரிசையில் நின்றேன். பின்னாலேயே வந்த வாண்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

டிசம்பர் 30

கதவில் அட்டவணை இல்லை. மஞ்சள் கூட்டத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. பச்சைச் சட்டைக்காரர்கள் வணக்கம் வைத்தார்கள்.

அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா போக விட்டிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "விட்டிருக்க மாட்டேன்."

அம்மா இவ்வளவு நேர்மையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

ஜனவரி 1

கரை. அண்ணி தன் பெண்களின் பெட்டிகளைத் தானே இழுத்துக்கொண்டு போனாள். என் பக்கம் திரும்பவில்லை. வலித்தது, ஆனாலும் ஓடிப்போய் வாங்கிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11

லேபில் இருக்கும்போது வெளிநாட்டிலிருந்து போன். அண்ணி. ஒன்றரை மாதத்தில் முதல் தடவை.

"சின்னவ காலைல பால் குடிக்க மாட்டேங்கறா. நீ என்ன போட்டுக் குடுப்ப?"

"ஒண்ணும் போட வேணாம் அண்ணி. ஆற வச்சுக் குடுங்க. குடிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

"தினமுமா?" என்றாள்.

"தினமும்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். போனை வாண்டு பிடுங்கிக்கொண்டாள். "அத்தை, எங்க இருக்க?"

"வேலைல."

"முடிஞ்சதும் இங்க வருவியா?"

"இல்லடா கண்ணு. லீவுக்கு நீ வா."

போனை வைத்த பிறகு கண்ணீர் மறைத்தது, கையிலிருந்த பல் அச்சு கொஞ்ச நேரம் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, மெழுகைச் சூடாக்கினேன்.