சந்தனப் பொட்டுக்கு அடியில்

விருத்தாசலம்,
புரட்டாசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் திலீபனுக்கு அம்மா எழுதுவது. புனேயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வழக்கம்போல, உன் அக்கா மகள் வெண்பா பள்ளிக்கூடம் போய் வருகிறாள், அவ்வளவுதான் நல்ல செய்தி. அக்கா பூர்ணிமாவின் வீட்டுக்காரர், உன் மாமா ஆனந்தராஜுக்குக் கையில் அடிபட்டது என்று மட்டும் போனில் சொன்னோம். வெளியூரில் தனியாக இருக்கிற பிள்ளை சாப்பிடாமல் கிடப்பானே என்று மீதியைச் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் நீ பேசும்போது, மூடப்போகிற ஒரு பட்டறையிலிருந்து பழைய டூல் பாக்ஸ், ஜாக்கி, தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்துகிற ஸ்டாண்டு எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி, ஆயுத பூசையன்று பொட்டு வைத்துச் சொந்த ஷெட்டைத் திறக்கப் போவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அப்பாதான், போன்ல சொன்னா சரிம்மா சரிம்மான்னு வச்சுடுவான், ஒக்காந்து எழுது, எழுதுனா ரெண்டு தடவ படிப்பான் என்றார்.

நடந்தது இதுதான். திட்டக்குடியில் பச்சமுத்து என்று ஒரு மெக்கானிக் இருந்தார், மாரடைப்பில் இறந்துபோனார். நல்ல தொழில்காரர் என்று சுற்று வட்டாரத்தில் பெயர். அவர் மனைவி பாஞ்சாலை அவருடைய சாமான்களை விற்றபோது மாமா தன் மெக்கானிக் ஷெட்டுக்கென்று போய் வாங்கி வந்தார். பெட்டியிலும் ஜாக்கியிலும் இரண்டு ஸ்டாண்டுகளிலும் வருடா வருடம் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கிரீஸோடு சேர்ந்து அப்பிக் கிடந்தன. ஸ்பேனர்களை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்தவர், பொட்டை மட்டும் தொடவில்லை. கழுவிடுங்களேன் என்று பூர்ணிமா சொன்னதற்கு, ஏண்டி, கைராசிக்காரரு வச்ச பொட்டு, அத போயி அழிக்கச் சொல்ற, அதுக்குத்தான வாங்கியாந்தேன் என்று சிரித்திருக்கிறார். தன் பங்குக்கு அதன் மேலேயே புதிதாகச் சந்தனமும் வைத்திருக்கிறார். நம் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள் திலீபா, நானும்கூட. பொட்டு எப்போதும் ஒரே இடத்தில்தான் வைப்போம், ஸ்டாண்டுக்கு நெற்றி மாதிரி இருக்கிற கழுத்தில். கால்களைப் பற்றவைத்த இடமும் அந்தக் கழுத்துதான். விரிசல் அங்கேதான் இருந்திருக்கிறது. ஆவணியில் ஒரு நாள் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த லோடு வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அடியில் கையை நீட்டி வேலை செய்துகொண்டிருந்தார். கழுத்து பிளந்து வண்டி இறங்கிவிட்டது. உடம்பு வெளியே இருந்ததால் உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன, அவையும் இன்னும் மடங்கவில்லை.

ஷெட்டு பூட்டிக் கிடக்கிறது. அவர் நம் வீட்டில்தான் இருக்கிறார். யாரோடும் பேச்சில்லை. வெண்பா சோற்றை ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு இடது கையால் அள்ளுகிறார், பாதி இலைக்கு வெளியே விழுகிறது, பார்க்காத மாதிரி நாங்கள் எழுந்து போய்விடுகிறோம். பூர்ணிமாவுக்கோ கோபம் எல்லாம் பாஞ்சாலையின் மேல். தெரிந்தேதான் தலையில் கட்டிவிட்டாள், கொளஞ்சியப்பர் கோயிலில் சீட்டில் அவள் பெயரை எழுதிப் பிராது கட்டப் போகிறேன், சாமி கேட்கட்டும் என்று நின்றாள். அந்த வாரமே, மாமாவுக்கு அடிபட்டதைக் கேள்விப்பட்டு, பாஞ்சாலை பஸ் ஏறி வந்துவிட்டாள். வாசலிலேயே நின்றவளைப் பார்த்து உன் அக்கா, வாங்க, உங்க வூட்டு சாமானுக்கு எங்க வூட்டு வெரலக் குடுத்துட்டோம், இன்னும் என்னா வேணும் என்று கேட்டுவிட்டாள். பாஞ்சாலை அழவில்லை, என் பக்கம் திரும்பினாள். டீச்சரம்மா, அது நானே அரைச்சு என் கையால வச்ச சந்தனம்மா, அவுரு போன பொறவு அதத் தொடவே மனசு வரல, அதுக்கு அடியில இப்படி இருக்குதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும், அவுரும் இத்தன வருசம் அதுங்கீழதான படுத்துக் கெடந்தாரு என்றாள்.

நான் பூர்ணிமாவிடம் இன்னொரு ஸ்டாண்டை எடுத்து வரச் சொன்னேன். நம் ஊர்ப் பீங்கான் பேட்டையில் காய்ந்த சாமானைச் சூளைக்கு அனுப்பும் முன்னால் மண்ணெண்ணெய் தடவிப் பார்ப்பார்கள், முடியளவு விரிசல் இருந்தாலும் கோடாகத் தெரிந்துவிடும். உன்னையும் ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். இரும்புக்கும் அதே வழிதான், கூடவே சாக்பீஸ் வேண்டும். பூர்ணிமா கழுத்தைச் சுரண்டி, பிரஷ் போட்டுச் சுத்தமாகத் துடைத்தாள். மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காயத் துடைத்து, சாக்பீஸைப் பொடித்துப் பூசி வைத்தோம். மாமா கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைப் பொடியின் மேல் மெல்ல ஈரமாக ஒரு கோடு ஊறி வந்தது. அதுவும் விரிசல்தான் திலீபா. இத்தனை மாதமும் அவர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் படுத்து எழுந்திருக்கிறார். பாஞ்சாலை அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உன் அக்கா உள்ளே போய் அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு என்னிடம், இப்ப பிராதுல யாரு பேரும்மா எழுதுறது என்றாள். மறுநாள் நல்லூர்க்காரர் ஒருவர் வந்து, அந்த ஸ்டாண்டைப் பற்றவைத்துக்கொள்கிறேன், கொடுங்கள் என்றார். மாமா வாய் திறந்தது அப்போதுதான். வெட்டிப் போட்ருங்க, எவனுக்கும் குடுக்காதீங்க என்றார். வெல்டிங் கடையில் கொடுத்துத் துண்டு துண்டாக வெட்டிவிட்டோம்.

இனி உன் விஷயம். பழைய சாமான் வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன், புதிதாக எல்லாம் வாங்கிக்கொள்ள நம்மால் ஆகாது. ஸ்பேனர், கொறடு இவற்றில் குறை இருந்தால் நட்டு வழுக்கும், கை முட்டி பெயரும், அதோடு போகும். வாய் அகன்றதையும் தலை விரிந்த உளியையும் ஒதுக்கினால் போதும். வண்டியைத் தாங்குகிற சாமான் வேறு. நீ அனுப்பிய படத்தில் ஸ்டாண்டுகள் பளபளவென்று புது சிவப்புப் பெயிண்டில் இருக்கின்றன. பட்டறையை மூடப்போகிறவர் எதற்காகப்பா பெயிண்ட் அடிக்கிறார்? பெயிண்டும் பொட்டு மாதிரிதான், அடியில் இருப்பதை மூடும். பற்றவைத்த இடங்களில் சுரண்டச் சொல், மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு. ஸ்டாண்டு மட்டும் புதிதாகவே வாங்கிக்கொள், அதற்கு ஒரு மாதம் தள்ளித் திறந்தாலும் பரவாயில்லை. ஜாக்கியில் பாரத்தை ஏற்றி அரை நாள் விட்டுப் பார், எண்ணெய் கசிந்தாலோ மெல்ல இறங்கினாலோ வேண்டாம். எத்தனை நல்ல ஜாக்கியானாலும் அதை மட்டும் நம்பி அடியில் போகாதே. பெட்டியில் யாருடைய பெயராவது வெட்டியிருந்து அதை அரத்தால் ராவி அழித்திருந்தால், அது திருட்டுச் சாமானாக இருக்கலாம், தொடாதே. விற்கிறவரிடம் கையெழுத்தோடு ஒரு ரசீதும் வாங்கிக்கொள். வகுப்பில் சொல்வது போல அடுக்குகிறேன் என்று நினைப்பாய், நினைத்துக்கொள்.

மாமா நேற்று டூல் பாக்ஸை எடுத்துவரச் சொன்னார். இடது கையால் ஒவ்வொரு சாமானாக எடுத்து மடியில் வைத்து, பாஞ்சாலை வைத்த சந்தனத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டைத் திறப்பாரா, விற்கத்தான் துடைக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் நம் வீட்டில் ஆயுத பூசைக்குப் புத்தகங்களுக்கு மட்டும்தான் பொட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, அக்காவுக்குத் தனியாக ஒருமுறை போன் செய், மாமாவிடம் பேசினால் கையைப் பற்றிக் கேட்காதே. பூசை கும்பிட்டுப் படம் அனுப்புகிறேன் என்றாய். எனக்கு வேண்டியது பொட்டு வைப்பதற்கு முன்னால் எடுத்த படம், வெறும் இரும்பு, கிட்டத்தில். அது வரும்வரை எந்த வண்டிக்கு அடியிலும் போகாதே.

உன் பத்து விரல்களும் பத்தாகவே இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்
அம்மா
ராஜாம்பாள்