நான் கொட்டிய சாம்பலும் நீங்கள் செய்த பிரசங்கமும்

நான் நேசித்த, இன்னும் கோபம் ஆறாத என் அய்யாவுக்கு,

நீங்கள் கண்மூடி மூன்று வருஷம் ஆகிறது. அந்த வருஷம் சீமையில் தொடங்கின சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தக் கடிதத்தைச் சபையார் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்களிடம் நேரில் சொல்லத் தைரியமில்லாமல் பன்னிரண்டு வருஷம் விழுங்கியதை இனி விழுங்க முடியாது.

பாளையங்கோட்டையில் படிப்பு முடித்து இரண்டு இடங்களில் வேலை பார்த்த என்னை, போன ஆனியில் நம் கருக்குவிளைப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றினார்கள். நீங்கள் உபதேசியாராக இருந்த அதே ஊர். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். சாயங்காலம் எழுத்துத் தெரியாத பெண்களுக்கு வாசிப்பு. அந்த வகுப்புக்குப் பதினாறு வயதில் ஒரு பெண் வருகிறாள். பெயர் அன்னம். பனையேறி தங்கையாவின் மகள். செல்லக்கனி பெற்ற பிள்ளை. செல்லக்கனி என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா அய்யா?

அன்னத்துக்கு நாலு வயதில் வைசூரி கண்டது. நீங்கள் ஜெபித்தீர்கள், இறங்கவில்லை. பயந்துபோன தாய் அம்மன் கோவிலில் போய் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. செல்லக்கனியைச் சபையை விட்டு நீக்கினீர்கள். அதற்கு அடுத்த மாதம்தான் நெருப்பு.

அன்று காலை அடுப்புச் சாம்பலை அள்ளி வீட்டுக்குப் பின்னால் காய்ந்த ஓலைக் குவியலில் கொட்டியவள் நான். எனக்குப் பதின்மூன்று வயது. கங்கு கிடந்ததை நான் பார்க்கவில்லை. மத்தியானம் மேற்கேயிருந்து கச்சான் காற்று எழும்பியது. நமக்குக் கிழக்கே வரிசையாக ஆறு ஓலை வீடுகள். ஒன்றுவிடாமல் போயின. செல்லக்கனி தன் வீட்டுக்குள் ஓடிப் பிள்ளையைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தாள். அவள் வெளியே வருமுன் கூரை இறங்கிவிட்டது.

நீங்கள் சும்மா நிற்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். எரிகிற ஓலையை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தீர்கள். உங்கள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. வாழையிலைக் குருத்தில் எண்ணெய் தடவி நான்தான் கட்டினேன். கட்டும்போதே சொன்னேன்.

"அய்யா, காலையில சாம்பலக் கொட்டுனது நாந்தான். அங்கனயிருந்துதான் பத்துனது."

நீங்கள் எழுந்து முழங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினீர்கள். பிறகு, "ஏட்டி, இத யார்ட்டயும் சொல்லிராத. நெருப்பு ஆண்டவரு அனுப்புனது. உன் கை வெறும் கை" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கைக்கட்டோடு பிரசங்கத்தில் நின்றீர்கள். சோதோம் பட்டணத்தின்மேல் இறங்கின அக்கினியைப் பற்றிப் பேசினீர்கள். விட்டுவிலகினவளை ஆண்டவர் தேடிவந்து சுட்டெரித்தார் என்றீர்கள். தம் ஊழியக்காரன் வீட்டை அவர் தொடவில்லை என்றும் சொன்னீர்கள். நம் வீடு ஓட்டு வீடு அய்யா. அவர்களுடையது ஓலை. எரிந்த ஆறில் நாலு வீட்டார் நம் சபைக்கு வருகிறவர்கள். அவர்களுக்கு நேர்ந்தது சோதனை, அவளுக்கு நேர்ந்தது தீர்ப்பு என்றீர்கள். ஒரே நெருப்பு, ஒரே காற்று. எப்படிப் பிரித்தீர்கள்? அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கவும் விடவில்லை. வேலிக்கு வெளியே தேரிச் செம்மணலில் வைத்தார்கள்.

நான் வாய் திறக்கவில்லை. நரகத்துக்குப் பயந்து அல்ல, உங்களுக்குப் பயந்து.

போன மாதம் வாசிப்பு வகுப்பில் சோதோம் கதை வந்தது. இரண்டு வரி வாசித்த அன்னம் புத்தகத்தை மூடிவிட்டாள். "இது எங்கம்மாவுக்கு நடந்தது. நான் வாசிக்க மாட்டேன்க்கா" என்றாள். அழக்கூட இல்லை. தன் பெயரைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்கே தங்கையாவிடம் போனேன். பாளை சீவும் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிவாளைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு வருசமா அவ பேர நான் சொன்னதில்ல. அவளாலதான் ஊரே எரிஞ்சுதுன்னு நம்புனேன். பிள்ளைட்டயும் அப்படித்தான் சொல்லி வளத்தேன். இத எங்கிட்ட வந்து சொல்லுதியே. உங்கய்யா சொன்ன எடத்துல போயிச் சொல்லு."

சொன்னேன் அய்யா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, சாம்பல் முதல் உங்கள் வார்த்தை வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மூப்பர் எழுந்தார்.

"போன மனுசன் பேர ஏம்மா கெடுக்குத? அவரு இருந்தா பதில் சொல்லுவாரு."

"இருந்தப்ப கேக்க எனக்குத் தைரியம் இல்ல. அதுவும் என் குத்தந்தான்" என்றேன்.

வெளியே படியில் அன்னம் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பம் எங்கம்மா இப்பமும் எரிஞ்சிக்கிட்டு இல்லையாக்கா?"

"இல்ல அன்னம். ஒரு மத்தியானம் எரிஞ்சா. அவ்வளவுதான்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன் தாய் நரகத்தில் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தே ஒரு பிள்ளை இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறது, தூங்கியிருக்கிறது. அந்த நெருப்பை மூட்டியது நான் அல்ல அய்யா.

தங்கையா என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அன்னம் வகுப்புக்கு வருகிறாள். என்னை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகக் கேள்வி. உங்கள் கல்லறைக்குக் கல் செய்யச் சபையார் ஒரு வசனம் கேட்டார்கள். பெயரும் ஊரும் போதும் என்று சொல்லிவிட்டேன்.

தங்களை ஏற்றுக்கொள்ளாத கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்று இரண்டு சீஷர்கள் கேட்டார்கள். ஆண்டவர் திரும்பி அவர்களைத்தான் கடிந்துகொண்டார். அந்தப் பகுதியை நீங்கள் பிரசங்கித்து நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்களுக்குத் தெரியாததா?

உங்களை மன்னித்துவிட்டதாக நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒன்று உறுதி சொல்லுகிறேன். நியாயத்தீர்ப்பு என்று ஒரு நாள் இருந்தால், செல்லக்கனியும் அங்கே நிற்பாள். நான் முதலில் அவளிடம்தான் போவேன். நீங்களும் வரவேண்டும். வராவிட்டால், நான் கட்டுப்போட்ட அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன்.

உங்கள் ஒரே மகள்,
சற்குணம்