தடைக்காலத்தில் ஏது ஐஸ்?

என் அன்பு யோவ்,

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. செத்துப்போன பிறகு எதற்குப் புதுப் பழக்கம்?

என் நாவல் பரிசுப் பட்டியலில் வந்திருக்கிறது. குற்றக் கதைகளுக்கும் மர்மக் கதைகளுக்கும் என்றே ஓர் இலக்கியப் பரிசு. இறுதிச் சுற்றில் ஐந்து புத்தகங்கள். மற்ற நான்கையும் வாங்கிப் படித்துவிட்டேன். மலை பங்களாவில் விஷம் வைக்கிற கதையைப் படித்ததும் வயிறு எரிந்தது, அவ்வளவு நன்றாக இருக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் நடப்பது என்னுடையது மட்டும்தான். செய்தி வந்தபோது வீட்டில் யாருமில்லை. சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னேன். "சந்தோசம்மா" என்றவர், காலி சிலிண்டரைக் கேட்டார்.

நான் எழுதுவதை நீ கடலுக்கு எடுத்துப் போவாய். லான்ச் ஓட்டுகிறவனுக்குப் படிக்க ஏது நேரம் என்று குப்பமே சிரிக்கும். தாள்களை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் என்னிடம் விட்டுப் போவாய். "அத வூட்லயே வெய்யி. கொலகாரன் யாருன்னு தெரிஞ்சிக்கவாவது கரைக்கு வருவேன்ல" என்பாய். திரும்பி வரும்போது ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு இருக்கும்: இந்தக் காற்றுக்குப் படகு அந்தப் பக்கம் போகாது, இந்த வலையில் அந்த மீன் விழாது.

இந்த நாவலையும் அப்படித்தான் கொண்டுபோனாய். நான்காம் நாள் நடுக்கடலில் நெஞ்சுவலி. லான்ச் கரை சேர்வதற்குள் உன் உயிர் போய்விட்டது. தாள்கள் மட்டும் ஈரம் படாமல் வந்தன. நீ பார்க்காத கடைசி அத்தியாயத்தை வேறு யாரிடமும் காட்டப் பிடிக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தேன்.

போன வாரம் பதிப்பாளர், துறைமுகத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். போனேன். மீன்பிடித் தடைக்காலம், லான்ச்சுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. உன்னோடு கடலுக்குப் போய்வந்த ஏழுமலை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தைப் படித்துவிட்டானாம்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? சித்திரை கடைசில கொல பண்றான். கடைசி அத்தியாயத்துல பாத்தா, பொணத்த லான்ச்சு ஐஸ் ரூம்ல மூணு நாள் வெச்சிருந்தான்னு வருது. தடைக்காலத்துல ஏது ஐஸ்? பாரு, ரூமு காஞ்சிகினு கீது."

எட்டிப் பார்த்தேன். பழைய மீன் கவிச்சியும் வெறும் பலகையும்தான் இருந்தன. கடல் தொழில் குடும்பத்தில் பிறந்தவள் நான். வருஷா வருஷம் அந்த இரண்டு மாதமும் நீ வீட்டில் கிடந்து என்னைப் பாடாய்ப் படுத்துவாய். அதை எப்படி மறந்தேன்? ஐஸ் வாங்கிய கணக்கை வைத்துத்தான் போலீஸ் அவனை மடக்குகிறது. அந்த ஐஸ் இல்லையென்றால் என் கொலைகாரன் பிடிபடவே மாட்டான். கதையே நிற்காது.

"அண்ணன் இருந்தா வுட்ருக்குமா?" என்றான் ஏழுமலை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். போட்டோ எடுக்கவில்லை.

பதிப்பாளரிடம் சொன்னேன். "நடுவருங்க யாரும் கண்டுபிடிக்கல, நீங்க ஏம்மா வாயத் திறக்கறீங்க? பரிசு முடியட்டும்" என்றார். துறைமுக வாழ்க்கை துல்லியமாக வந்திருப்பதாக நடுவர்கள் பாராட்டி வேறு எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கவே கூசுகிறது. இத்தனை வருஷம் பிளவுஸ் தைத்துக்கொண்டே எழுதியவளுக்குப் பரிசு வேண்டாமா? வேண்டும். ரொம்பவே வேண்டும். ஆனாலும் இன்று காலை பரிசுக் குழுவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன், கடைசி அத்தியாயம் தப்பு, தப்பு என்னுடையது என்று. இனி பட்டியலில் வைத்திருப்பார்களோ, எடுத்துவிடுவார்களோ. நான் செய்தது சரிதானா? சொல்ல நீ இல்லையே.

அடுத்த நாவலை ஏழுமலையிடம் முழுசாகக் கொடுப்பேன், இது உன்மேல் சத்தியம். அவன் தப்பென்று சொல்லும் இடத்தை மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவேன். ஒரே ஒரு வரிக்காக இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்ததெல்லாம் உன்னிடம்தான். வேறு யாரோடும் எனக்கு அப்படிச் சண்டை போட வராது.

உன் கோபக்காரப் பொண்டாட்டி,
திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து