ஆறு மணிக்கு ரத்தம் சிவக்கக் கூடாது

செப்டம்பர் 9, செவ்வாய்

புதுத் தொடரின் நாயகி இல்டிகோவின் கோட்டுக்கு ஏழாவது கறுப்பும் முடிந்தது. நிலவொளிக்கு ஒன்று, மெழுகுவர்த்திக்கு ஒன்று, மழையில் நனைந்தால் ஒன்று, மடிப்பின் உள்பக்கத்துக்கு ஒன்று – இப்படி ஏழு. பதினெட்டு வருஷமாக அனிமே தொடர்களுக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறேன். ஒரு கோட்டுக்காக இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

இடுப்பு போய்விட்டது. மதியம் இரண்டு சோற்று உருண்டை, அதோடு சரி. மழை பெய்ததே ஒகிகுபோ ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போதுதான் தெரிந்தது. ஆனாலும் திரையில் அவள் திரும்பும்போது அந்தக் கோட்டு எழும்பி அடங்குகிறதே – அதற்காக இன்னும் ஏழு போடலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

என் உதவியாளர் நோமியிடம் கேட்டேன். இருபத்தாறு வயசு. ஞாயிறு தவறாமல் கறுப்பு லேஸ் கவுனும் கறுப்புக் குடையுமாக ரயிலேறி, எல்லாரும் முறைப்பதைச் சட்டை செய்யாமல் போகிறவள். "அப்படி என்னதான் இருக்கு இதுல? ஒரு பொண்ணு, ஒரு துப்பாக்கி, இடிஞ்ச மணிக்கூண்டு, வாரத்துக்கு ஒரு ரத்தக்காட்டேரி. கதைன்னு பாத்தா ஒரு கைக்குட்டையில எழுதிடலாம்."

"அவ அழகா இருக்கா, சோகமா இருக்கா. ஏன்னு யாருக்கும் பதில் சொல்ல மாட்டா. நான் காலைலேர்ந்து எத்தன பேருக்குப் பதில் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்ல? அதான், மினாசே-சான்."

எனக்கு வேறு காரணம். முழுத் திரையும் சாம்பலும் கறுப்புமாக வைத்துக் கண்ணைப் பட்டினி போடுகிறோம். பிறகு ஒரே ஒரு இடத்தில் சிவப்பு. ரத்தம். டைரக்டர் தொகுநாகா முதல் நாளே சொன்னார்: "அந்த ஒரு சிவப்புக்காகத்தான் மீதி எல்லாம்." அந்தச் சிவப்பைத் தேடவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

செப்டம்பர் 18, வியாழன்

தயாரிப்பாளர் எபிசாவா கிரீம் பன் பெட்டியோடு வந்தார். அவர் தின்பண்டத்தோடு வந்தாலே பின்னால் ஏதோ கெட்ட செய்தி இருக்கும்.

நடுராத்திரிக்கு என்றிருந்த தொடரை சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மாற்றிவிட்டார்களாம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், முட்டாள் மாதிரி. அப்புறம்தான் –

"ஒரே ஒரு சின்ன விஷயம். ஆறு மணிக்கு ரத்தம் சிவப்பா இருக்கக் கூடாதாம். சேனல்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. வேற கலர் மாத்திடுங்க மினாசே-சான். உங்களுக்கு ஒரு கிளிக்தானே?"

தொகுநாகாவைப் பார்த்தேன். முடியாது என்று சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 19

ஒரு கிளிக்காம்.

செப்டம்பர் 24, புதன்

கறுப்பு போட்டேன். கழுத்தில் எஞ்சின் ஆயில் ஒழுகுவது போலிருந்தது. ஊதா போட்டேன் – "திராட்சை ஜூஸ்" என்றார் எபிசாவா. பழுப்பு போட்டேன் – "சோயா சாஸ். பாத்ததும் பசிக்குது." நீலம், பேனா உடைந்த சட்டைப் பை. கடைசியில் அவரே பச்சை போட்டுப் பாருங்கள் என்றார். பச்சை!

"அவ என்ன வெட்டுக்கிளியா?" என்று கேட்டுவிட்டேன். அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு மாதிரி. பதினொன்றும் குப்பை என்கிறார்கள். என்னைக் கேட்டால் பதினொன்றுமே குப்பைதான், அதுதான் இன்னும் ஆத்திரம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தச்சிகாவா போய் அக்காவோடு உடோன் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஃபுமியே அக்கா ரத்ததான நிலையத்தில் நர்ஸ். புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, உறிஞ்சுவதை நிறுத்தாமலே சொன்னாள்:

"நீ போடுற சிவப்பு எங்கடி இருக்கு, சிஸு? குழாயில வரும்போது வந்து பாரு. செர்ரி ஜாம் மாதிரி கறுத்துத்தான் இருக்கும். இருபது வருஷமா தெனம் பாக்குறேன். இல்லாத சிவப்புக்குப் போயி அழுறியே."

இல்லாததுதான், அக்கா. இல்லாததால்தான் அழகு. நிஜ ரத்தத்தைப் பார்க்கவா டிவி போடுகிறார்கள்? இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப இல்லாத பச்சையப் போடேன்" என்றிருப்பாள்.

அக்டோபர் 3, வெள்ளி

மாடிப்படியில் தொகுநாகாவை மறித்துக்கொண்டேன். பதினைந்து நாளாக என்னைத் தவிர்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்க சிவப்பு எங்க போச்சு?"

கைப்பிடியைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் இந்த வேலைக்கு வந்ததே ஆறு மணி டிவி பாத்துத்தான். நடுராத்திரியில போட்டா யாரு பாப்பா? நம்மள மாதிரி நாப்பது வயசுக்காரங்க. பன்னெண்டு வயசுல ஒருத்தி பாக்கட்டுமே. இல்டிகோ அவளுக்குத்தான் வேணும்."

"அத அன்னிக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன? கிரீமத் தொடச்சிட்டு நின்னீங்க."

"பயந்துட்டேன். நீங்க விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு."

இந்த மனுஷன் பொய் சொல்லித் தொலைத்தால்கூட வெறுத்துவிடலாம். உண்மையைச் சொல்லிவிட்டுப் பாவம் போல நிற்கிறார். நான் யாரிடம் கத்துவது? சிவப்பும் வேண்டும், அந்தப் பன்னிரண்டு வயசுக்காரியும் வேண்டும். ரெண்டும் சேர்ந்து கிடையாதுன்னா நான் என்னதான் பண்றது?

அக்டோபர் 6, திங்கள்

முதல் எபிசோடில் இல்டிகோ அடிபடும் காட்சி இன்றைக்குப் போயாக வேண்டும். காலையிலிருந்து எபிசாவாவிடமிருந்து நாலு போன். நாலாவது போனில், "ஆரஞ்சு?" என்றார்.

போனை வைத்தேன். ரத்தம் வரவேண்டிய இடத்தில் எதையும் பூசாமல் விட்டேன். சுற்றிலும் கோடு மட்டும். எங்கள் வேலையில் அது பெரிய பிழை. வெறும் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்கள் திட்டு வாங்கும் பிழை.

நோமி எட்டிப் பார்த்துப் பதறினாள். "மினாசே-சான், கழுத்துல பூசாம விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. விட்டிருக்கேன். சிவப்பு வேணாம், கறுப்பு வேணாம்னாங்கல்ல? இந்தா, ஒண்ணுமே இல்ல. வெச்சுக்கட்டும்."

அனுப்பிவிட்டேன். தொடரிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லி ஒரு கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

எபிசாவா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நான் கடிதத்தை எடுத்தேன்.

"பிரமாதம் மினாசே-சான்! என்னா ஸ்டைலு! சேனல்ல ஒரு வார்த்த பேசல, அப்படியே ஓகே பண்ணிட்டாங்க!"

"அது கோவத்துல செஞ்சது."

"அப்ப அந்தக் கோவத்தப் பன்னெண்டு எபிசோடுக்கும் அப்படியே வெச்சுக்கோங்க!"

தொகுநாகா அந்தக் காட்சியை நாலு தடவை ஓட்டிப் பார்த்தார். கடைசியில், "வலிக்குது" என்றார், அவ்வளவுதான்.

எல்லாரும் போனபிறகு நானும் பார்த்தேன். அத்தனை கறுப்புக்கும் நடுவில் அந்த இடம் மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. வலிக்கத்தான் செய்கிறது. காறித் துப்பியதை எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டார்கள். அதை நானே நின்று ரசிக்கிறேன். இதற்கு என்ன பெயர்?

கடிதத்தைக் கிழிக்கவில்லை. மேஜைக்குள் போட்டேன்.

ஜனவரி 10, சனி

ஆறு மணிக்கு டிவியில் முதல் எபிசோடைப் பார்த்தேன். முடிந்ததும் அக்கா போன்: "ஒண்ணும் புரியல. ஆனா எந்திரிச்சுப் போகவும் முடியல."

பிப்ரவரி 17, செவ்வாய்

பத்திரிகையில் தொகுநாகாவின் பேட்டி, நாலு பக்கம். எல்லாரும் 'வெள்ளை ரத்தம்' பற்றித்தான் கேட்கிறார்களாம். பதில்: "அது இழப்பின் நிறம். ஆரம்பத்திலிருந்தே என் மனதில் இருந்தது."

ஆரம்பத்துலேர்ந்தா? கிரீமத் தொடச்சப்பவா இருந்துச்சு?

பத்திரிகையை அவர் மேஜையில் விரித்து வைத்தேன். படித்தார். காது சிவந்துவிட்டது. "அவங்க எழுதிட்டாங்கன்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா நான்தான் சொன்னேன். வாயில வந்துடுச்சு."

மறுபடி உண்மை! இனிமேல் இவரோடு பேச்சில்லை. எதுவானாலும் சீட்டில் எழுதி நோமியிடம் கொடுப்பேன்.

பிப்ரவரி 26

"இன்னிக்கு மட்டும் பதினாலு சீட்டு. என்னால முடியல," என்கிறாள் நோமி. கறுப்புச் சீட்டு கொடுத்தால் கொண்டுபோவாளாம்.

மார்ச் 22, ஞாயிறு

நோமி விடாப்பிடியாக இகெபுகுரோவில் நடக்கும் ரசிகர் விழாவுக்கு இழுத்துப்போனாள். மூன்று மாடிக்கு வரிசை. எங்கே திரும்பினாலும் நீளக் கறுப்புக் கோட்டு. என் ஏழு கறுப்பையும் யாரோ ஒருத்தி ஏழு துணி வாங்கித் தைத்திருக்கிறாள். கழுத்தில் எல்லாருக்கும் வெள்ளைச் சாயத்தில் ஒரு வெட்டு.

எனக்கு முன்னால் ஒரு சிறுமி, அம்மாவோடு. "வீட்ல எல்லாமே கறுப்பு ஆக்கிட்டா. தலகாணி உறைகூட," என்று அம்மா என்னிடம் குறைப்பட்டாள். சிறுமி காதில் வாங்கவே இல்லை.

யார் என்று சொல்லாமல் கேட்டேன். "ரத்தம் எதுக்கு வெள்ளையா இருக்கு? தப்பா இல்ல?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரத்தம் என்ன கலர்னு எல்லாருக்கும் தெரியுமே. அத வேற காட்டணுமா?"

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு மாதிரி தேவைப்பட்டது. இவளுக்கு ஒரு நொடி. வீடு வந்து சேரும்வரை அவள் மேல் எரிச்சலாக வந்தது, பொறாமை என்று தெரிந்தே.

மே 13, புதன்

இல்டிகோவைத் திரைப்படமாக எடுக்கப்போகிறார்கள். எபிசாவா கூட்டத்தில் எழுந்து நின்றே அறிவித்தார். "தியேட்டர்ல போடுறது. எந்தத் தடையும் கெடையாது. மினாசே-சான், உங்க சிவப்பத் தாராளமா ஊத்துங்க!"

எல்லாரும் டைரக்டரைப் பார்த்தார்கள். தொகுநாகா, "அவங்கதான் சொல்லணும்," என்று நாற்காலியை என் பக்கம் திருப்பினார். மூன்று மாதத்தில் முதல் முறையாக நேராக அவரிடம் பேசினேன்: "ஒரு மணி நேரம் குடுங்க."

மேலே போய் அந்தச் சிவப்பை எடுத்துக் காயத்தில் நிரப்பினேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவள் அடிபட்டு நிற்கிறவளாக இல்லை, அலங்காரம் பண்ணிக்கொண்டவள் போலிருந்தாள். எத்தனை நேரம் பார்த்தும் அப்படியேதான் இருந்தாள்.

கீழே இறங்கி வந்து, "பூசாமலே இருக்கட்டும்," என்றேன்.

எபிசாவாவுக்குக் குழப்பம். "ஏங்க? சேனல்ல யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

"நான் சொல்றேன்."