மச்சினன் பிடித்த கயிறு

தூத்துக்குடி
2-7-1940

நமஸ்காரம். நான் சௌக்கியம். முழங்கால் வலி தேவலையா?

தாங்கள் எழுதிய கதை சனிக்கிழமை வந்தது. இத்தனை வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனியே இருந்துவிட்டு, அபிப்பிராயம் கேட்க என் ஞாபகம் வந்ததில் சந்தோஷந்தான். முகஸ்துதி எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்.

இடத்தை நன்றாகப் பிடித்திருக்கிறீர்கள். கொட்டகையில் அழுகும் சிப்பியின் நாற்றம் தாளிலிருந்தே வருகிறது. பாத்திரந்தான் நிற்கவில்லை. கொலைகாரன் முதல் வரியிலேயே மாறுகண்ணும் கள்வாடையுமாக வருகிறான். அப்படிப்பட்டவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு எவன் கடலில் இறங்குவான்? செய்யவே மாட்டான் என்று நாம் நம்புகிறவன் செய்தால்தான் நெஞ்சில் தைக்கும்.

இன்னொன்று. முத்துக்குளிக்கிறவனின் கயிற்றை அவன் தம்பி பிடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே மனைவியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். அக்காள் தாலியை அவனே அறுக்கமாட்டான் என்ற நம்பிக்கை. ஆழ்வார்திருநகரியில் பிறந்த தங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

இது சிலுவை என்பவன் மேல் நடந்த வழக்குத்தானே? மிக்கேலின் கயிற்றை இழுக்காமல் மூழ்கவிட்டான் என்று தாங்கள் சர்க்கார் வக்கீலாக வாதாடி ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்த மச்சினன். மிக்கேலின் மனைவி கிருபை, சிலுவையின் அக்காள், இன்னும் திரேஸ்புரத்தில்தான் இருக்கிறாள். அவள் பெண் என் பள்ளிக்கூடத்தில் வாசிக்கிறது.

மயிலாப்பூருக்கே வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். யோசிக்கிறேன். மாட்டேன் என்று சொல்லவில்லை.

அம்புஜவல்லி


மயிலாப்பூர்
9-7-1940

சௌ. அம்புஜத்துக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் பரீட்சைத்தாள் திருத்தியதுபோல் இருந்தது. சிவப்பு மை ஒன்றுதான் பாக்கி. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் எனக்கு எத்தனை மார்க் போட்டாள்?

அடி அசடே, அந்த வழக்கம் எனக்குத் தெரியாதென்றா நினைத்தாய்? வழக்கு நடந்தபோதே தெரியும். மச்சினன் என்றுதான் முதலில் எழுதினேன். படித்துப்பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. வழக்கில் நாம் சொன்னதுபோல் ஒரு கள்ளுக்கடைச் சண்டைக்காக எவனாவது சொந்த அக்காள் தாலியை அறுப்பானா? எந்த வாசகன் நம்புவான்? அதனால் தம்பியாக்கி, ஒரு முத்தின்மேல் ஆசையையும் வைத்தேன். தீபாவளி மலருக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சீக்கிரம் வா.

அனந்தபத்மநாபன்


தூத்துக்குடி
14-7-1940

நமஸ்காரம்.

தங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கதையில் இல்லாத முரண் அதில் இருக்கிறது. வாசகன் நம்பமாட்டான் என்று தாங்களே அடித்துவிட்ட மச்சினனை, கோர்ட்டில் ஜூரிகளை நம்பவைத்தீர்கள். கடல் பக்கமே வராத உள்நாட்டு மனிதர்கள் அவர்கள். வழக்கத்தைத் தாங்கள் சொல்லவில்லை. சர்க்கார் செலவில் சிலுவைக்கு வைத்த வக்கீலும் கேட்கவில்லை. கிருபை கூண்டில் ஏறி, தம்பி செய்யமாட்டான் என்றதை ரத்தபாசம் என்று தள்ளிவிட்டீர்கள்.

நேற்று அவள் வந்தாள். தம்பியை விடச்சொல்லி சர்க்காருக்கு மனு எழுதித்தரவேண்டுமாம்.

"கயறு பாறையில மாட்டிக்கிட்டுன்னு அன்னைக்கே சொன்னானே டீச்சரம்மா. இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோலு உரிஞ்சி கெடந்துச்சி. அத ஒருத்தரும் பாக்கலியே."

அந்த வக்கீல் யாரென்று தெரியுமா என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டய்யாதான. தெரிஞ்சுதான் வந்தேன். முடிச்சு போட்ட வீட்லதான அவுக்கச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு எழுதியதையே சர்க்காருக்கும் நாலு வரி எழுதுங்கள். எழுதினால் அடுத்த ரயிலில் வருகிறேன்.

அம்புஜவல்லி


மயிலாப்பூர்
20-7-1940

சௌ. அம்புஜத்துக்கு ஆசீர்வாதம்.

கதை வேறு, கோர்ட் வேறு. தீர்ப்பு சொன்னது நானல்ல. ராவ் பகதூர் பட்டத்துக்கு என் பெயர் போயிருக்கும் சமயம் இது. பழைய வழக்கில் நானே ஓட்டை காட்டினால் ஊர் சிரிக்காதா? அந்த மீன்காரிக்குப் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பு, நான் தருகிறேன். பெண்டாட்டியாக வா, எதிர்க்கட்சி வக்கீலாக வேண்டாம்.

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை எழும்பூருக்கு ஆள் அனுப்பட்டுமா?

அனந்தபத்மநாபன்


தூத்துக்குடி
25-7-1940

நமஸ்காரம்.

ஆள் அனுப்பவேண்டாம்.

பத்து ரூபாய் விஷயத்தைக் கிருபையிடம் சொல்லவில்லை. தங்களைப் பார்த்து அவளைச் சிரிக்கவைக்க எனக்கு இஷ்டமில்லை.

மனுவை நேற்று ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தாயிற்று. தாங்கள் ஒன்பதாம் தேதி எழுதிய கடிதத்தின் அசலையும் அதோடு வைத்துத் தைத்திருக்கிறேன். இன்னார் கையெழுத்து என்று நிச்சயமாகச் சொல்ல ஒருவர் வேண்டுமே. அடியில் நான் கையொப்பமிட்டு, மனைவி என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல் எனக்குக் கடைசியாக உபயோகப்பட்டது அதற்குத்தான்.

சனிக்கிழமை கிருபையோடு பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போகிறேன். சிலுவையை நான் பார்த்ததே இல்லை. மாறுகண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

எனக்குப் பதில் வேண்டாம். சர்க்கார் கேட்டு எழுதுவார்கள். அவர்களுக்கு எழுதுங்கள்.

அம்புஜவல்லி