ஒட்டியதை மட்டும் போடவும்

நவம்பர் 3, திங்கள்

திருச்செங்கோட்டு வெயிலிலும் ஐ.டி.ஐ. வெல்டிங் பட்டறையில் நல்ல நாள். போன் லென்ஸ் முன் வெல்டிங் கண்ணாடியை வைத்து மாணவர்களுக்காக நான் பற்றவைப்பதைப் படம்பிடித்தேன். இரும்பு உருகி ஓடுவது தெளிவாகத் தெரிகிறது. வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டதும் பையன்கள் இதயங்களாகக் கொட்டினார்கள். வகுப்பின் ஒரே பெண் கனிஷ்கா மட்டும் எதுவும் போடவில்லை.

நவம்பர் 5

கனிஷ்கா தன் முறை வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள். தனியாகக் கேட்டேன்.

"வெல்டிங் ராடு இரும்புத் தட்டுல ஒட்டிக்குதுங்க மேடம். இழுத்தா தட்டோட வருது. பசங்க சிரிக்கறானுங்க."

"என் வீடியோ பாத்தியா?"

"பாத்தனுங்க. பாத்தப்புறம்தான் நமக்கு வராதுன்னே தெரிஞ்சுது."

எடப்பாடியில் அவள் அப்பா சொல்லிவிட்டாராம்: மாதத் தேர்வில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு விசைத்தறிக்கு வந்துவிட வேண்டும்.

நவம்பர் 6

யாராவது பார்த்தால் தேர்ந்த கை நிமிரும், புதிய கை தடுமாறும் — ஆசிரியர் பயிற்சியில் உளவியல் புத்தகத்தில் இதை அடிக்கோடு போட்டவள் நான்தானே? அந்த வீடியோ எடுக்கும்போது எனக்கும் ராடு ஒட்டியது. அந்தத் துண்டுகளை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். பெருமைடி உனக்கு, மெஹ்ரீன்.

நவம்பர் 7

வெட்டியதையெல்லாம் குழுவில் போட்டுவிட்டேன். ராடு ஒட்டுகிறது, இழுக்கிறேன், "யா அல்லாஹ்" என்று என் குரல்.

மாணவன் மதன் உடனே: "மேடம், உங்களுக்குமா!"

மூத்த ஆசிரியர் அருணகிரி சார்: "ஏம்மா, வாத்தியார் மரியாதைய ஏலத்துல உட்டுட்டியா?"

சிரித்தேன். உள்ளே கூச்சம்தான்.

நவம்பர் 12

குழுவுக்குப் புது விதி. நன்றாக வந்ததைப் போடக்கூடாது. சொதப்பியதைப் போட்டு ஏன் என்று சொல்ல வேண்டும். மதன் தட்டையே ஓட்டை போட்டுவிட்டு, "காத்து வரட்டும்னு உட்டனுங்க" என்கிறான்.

இன்று கனிஷ்காவும்! ராடோடு தட்டைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம தோசைக்கரண்டிங்க. ஆம்பியர் கம்மி, கை பயந்து நின்னுருச்சு." எல்லாரும் சிரித்தார்கள். அவளும்.

நவம்பர் 19

தன் முறை வந்தபோது கனிஷ்கா தண்ணீர் குடிக்கப் போகவில்லை.

நவம்பர் 28

மாதத் தேர்வு. கனிஷ்காவின் வெல்டிங் கோடு சற்றுக் கோணல். அருணகிரி சார் கோட்டின் மேல் படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தார். உள்ளே முழுசாகப் பிடித்திருந்தது. தேறிவிட்டாள்.

டிசம்பர் 1

கனிஷ்கா தாமதமாக வந்தாள். ஏன் என்றேன்.

"ஊட்டுல எனக்குப் பதிலா தறி ஓட்டப் புது ஆளு வந்திருக்காருங்க மேடம். எந்தத் தறி எப்ப நூல் அறுக்கும்னு என்னையத்தான் காட்டச் சொன்னாரு அப்பா."

கவசத்தை மாட்டிக்கொண்டு நேராகப் போய் ராடு பிடிக்கும் ஹோல்டரை எடுத்தாள்.

"ஏனுங்க மேடம், அது என் முறைங்க!" என்று கத்தினான் மதன்.