எண்ணெய் பட்ட பிரேக் பேடு

விஜயநகர், மைசூர்
விஜயதசமிக்கு மறுநாள், 1996

சிரஞ்சீவி மதனுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. நீ ஹனூருக்குக் கொண்டுபோன புது பிரேக் பேடுகளை வண்டியில் மாட்டாதே. மாட்டியிருந்தால் கழற்றிவிடு. மாதேஸ்வரன் மலைப் பக்கம் போகாதே.

பாவி நான்தான் காரணம். ஆயுத பூஜையன்று நீ குளிக்கப் போயிருந்தபோது அரிவாள்மணை, ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றுக்கும் நல்லெண்ணெய் தடவித் துடைத்தேன். சாமுண்டி மலை இறக்கத்தில் பழைய பேடு புகைந்துவிட்டது என்று பெங்களூர் வரை போய் ஆசையாக வாங்கி வந்தாயே, அதற்கும் பூஜை நடக்கட்டுமே என்று டப்பாவிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தேன். சாயங்காலம் நன்றாகத் துடைத்து, இருந்தபடியே வைத்துவிட்டேன். உனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இன்று அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். கண் ஆபரேஷன் கட்டோடு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எண்ணெ குடிச்ச பேடு புடிக்காதுடி, வழுக்கிக்கிட்டுப் போகும்" என்றார். எத்தனை துடைத்தாலும் உள்ளே ஊறியது போகாதாம். காலமெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன் சொல்கிறார்.

நீ நம்பமாட்டாய், அதுதான் என் பயம். அந்த மாருதி காருக்குள் நீ ஜிப்சி ஜீப் எஞ்சினைத் திணித்த நாளிலிருந்து நான் சொன்ன பொய் கொஞ்சமா? சாவியை ஒளித்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பந்தயத்துக்குப் போனவனைத் திரும்ப வரவழைத்தேன். நீ அலறியடித்து வந்து பார்த்தால், அவர் வடை தின்றுகொண்டிருந்தார். இதுவும் அம்மா நாடகம் என்று சிரித்து மடித்துவிடாதே, சாமி. ஒரு பேடை அடுப்பனலில் காட்டி மோந்து பார், எண்ணெய் வாசம் வரும்.

உன் அக்கா கனகா வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன். மழையில் லைன் போய்விட்டதாம். அப்பாவை இப்படி விட்டுவிட்டு நானும் கிளம்ப முடியவில்லை. ஹனூர் பஸ் கண்டக்டர் ஜடையனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை மாப்பிள்ளையின் டிராக்டர் ஷெட்டில் பேடை மாட்டி, மலையேறி, இறக்கத்தில் சோதித்துப் பார்ப்பேன் என்றாயே. அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

வண்டி ஓட்டாதே என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன். வேறு நல்ல பேடு போட்டுக்கொண்டு எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போ. இந்த ஒரு தடவை மட்டும் என்னை நம்பு. தீர்க்காயுசாக இரு, கண்ணு.

உன் அம்மா,
பாக்கியலட்சுமி

கனகா, அவன் கிளம்பிப் போனபின் நீ இதைப் பிரித்திருந்தால், அழுதுகொண்டு நிற்காதே. மலைக்குப் போகிற முதல் வண்டியைப் பிடி. ஏறும்போது அவ்வளவு பயமில்லை என்கிறார் அப்பா. மலைமேல் கோயிலிலேயே அவனைப் பிடித்துவிடு. வழியிலேயே அவன் இறங்கி வருவதைப் பார்த்தால் மட்டும் கை காட்டிக்கொண்டு குறுக்கே போய்விடாதே. ஓரமாகவே நில், தாயி. உன்னைக் கண்டால் அவன் நிறுத்தத்தான் பார்ப்பான்.